பழவேற்காடு ஏரி மீட்பு

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர்க் காயல். இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. ஸ்ரீஹரிகோட்டா தீவு இதை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் இதில் கலக்கின்றன. ஆந்திர அரசு 1976லும் தமிழ்நாடு அரசு 1980லும் தத்தம் பகுதிகளைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன.

முகத்துவாரமும் மீன்வளமும்

ஏரியின் நலம், அது கடலோடு இணையும் முகத்துவாரத்தைப் பொறுத்தது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஓதநீரோடு ஏரிக்குள் வந்து வளர்ந்து, பின் கடலுக்குத் திரும்பும். மடவை, கொடுவா மீன்களுக்கும் இதுவே வழி. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் முகத்துவாரத்தை அகலப்படுத்துகிறது. கோடையில் ஆற்றுநீர் நின்றதும், கடலோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் அதைத் தூர்த்துவிடுகிறது. அப்போது ஏரிநீர் வற்றி, உப்பு கடல்நீரைவிட மிகும். இறால் வரத்து குறையும். படகுகள் கடலுக்குப் போக முடியாது.

மக்கள்

கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் முகத்துவாரத்தை ஒட்டிய இறால் களங்களைப் ‘பாடு’ முறைப்படி பகிர்ந்துகொள்கின்றன. ஊர்களுக்கு நாள்முறை உண்டு. ஊருக்குள் களங்கள் குலுக்கலில் ஒதுக்கப்படும். இருளர் மக்கள் ஆழமற்ற நீரில் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்துக்கொண்ட ஓலைப்பறியில் சேர்ப்பார்கள். களம் தூர்ந்தால் பங்கு சுருங்கும். கட்டுப்பாடு தளர்ந்து ஊர்களிடையே பூசல் எழும்.

மீட்புப் பணிகள்

தூர்வாரிய முகத்துவாரம் விரைவிலேயே மீண்டும் அடைபடுவதால், இருபுறமும் கற்சுவர் எழுப்பி அதை நிலைப்படுத்தும் திட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு 26.85 கோடி ரூபாய் ஒதுக்கியது. கரைகளில் அலையாத்தி மரங்கள் நடப்படுகின்றன. அவற்றின் வேர்கள் மண்ணைப் பிடித்துவைக்கும்; இறால், நண்டுக் குஞ்சுகளுக்குப் புகலிடமாகும். நட்டால் மட்டும் போதாது, ஓதநீர் ஏறி இறங்க வேண்டும் என்பது பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் கிடைத்த பாடம். அங்கே மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டிய பிறகே பட்டுப்போன காடு தழைத்தது. ஆரணி ஆற்றின் நன்னீர் வரத்தைக் காப்பதும், கழிவுநீரைத் தடுப்பதும் இதனோடு சேர்ந்த பணிகள்.

எல்லா இடத்தையும் ஆழப்படுத்துவது மீட்பாகாது. ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். பூநாரைகள் இரைதேடுவதும் இருளர்கள் இறால் தடவுவதும் இந்த ஆழமற்ற பரப்புகளில்தான். எனவே தூர்வாருதல் முகத்துவாரத்துக்கும் படகு வழிகளுக்கும் மட்டுமே பொருந்தும். சேற்றுப் பரப்புகள் உள்ளபடியே விடப்பட வேண்டும்.