கமரன் அம்மையாரின் குழந்தைப் படங்கள்

ஒரு காலத்தின் உள்ளத்தை அறிவதற்கு அரசாணைகளும் போர்க்குறிப்புகளும் மட்டும் போதா. அக்காலத்தார் குழந்தைகளை எவ்வாறு நோக்கினர் என்பதையும் காணல் வேண்டும். அதற்கு ஓவியமும் ஒளிப்படமும் சிறந்த சான்றுகளாம்.

1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் தூரிகை ஏந்தியவரல்லர். ஒளிப்படக் கருவியைக் கொண்டே ஓவியம் தீட்டியவர். ஓவியர் வாட்ஸ் அவருக்கு நண்பரும் வழிகாட்டியுமாயிருந்தார். 1863ஆம் ஆண்டின் இறுதியில், தமது நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கருவியே அவரைக் கலைஞராக்கிற்று. 1864 சனவரியில் அனி பில்பொற் என்னும் சிறுமியைப் படமெடுத்து, அதுவே தம் முதல் வெற்றியென மகிழ்ந்தார். பொத்தானிட்ட மேலங்கியும், ஒருபுறம் நோக்கும் விழியுமாக அச்சிறுமி அமர்ந்திருக்கின்றாள். அம்மையாரின் படங்களிற் கோடுகள் தெளிவாயில்லை என அக்காலத்துத் திறனாய்வாளர் சிலர் குறை கூறினர். அம்மென்மையே குழந்தை முகத்துக்கு உயிரூட்டிற்று என்பதை இன்று கலையுலகம் ஏற்கின்றது.

அவர் கணவர் சாள்ஸ் ஹே கமரன், 1833ஆம் ஆண்டு இலங்கைச் சீர்திருத்தங்களோடு பெயர் பிணைந்தவர். இங்கே கோப்பித் தோட்டங்களும் உடையவர். 1875இல் இருவரும் இலங்கையிற் குடியேறினர். 1869 முதல் பரவிய இலைநோய் அப்போது கோப்பியை அழித்துக்கொண்டிருந்தது. அம்மையார் இங்கு எடுத்த படங்களுள் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. களுத்துறையில் எடுத்த ஒன்றில் ஒரு சிறுமியும் முதியவரும் உளர். சிறுமிக்கு வயது 12 என்றும், தந்தை தமக்கு 100 வயதென்றார் என்றும் குறிப்பு உண்டு, பெயர்கள் இல்லை.

அனிக்குப் பெயர் உண்டு. களுத்துறைச் சிறுமிக்கு வயது மட்டுமே உண்டு. கலைஞரின் அன்பிற் குறை காண்பது நம் நோக்கமன்று. எவர் பெயர் எழுதத்தக்கது என அன்றைய உலகம் கருதிற்று என்பதற்கு இவ்விரு படங்களும் சான்றாகும்.

1879 சனவரி 26இல் கிளென்கேர்ன் தோட்டத்தில் அம்மையார் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவர் கல்லறை உளது.

நமுனுகுலை மலைச்சாரலில் உழைத்த நம் முன்னோர் பலரின் நிலை இதற்கு மறுதலையானது. பேர் பதிந்த நாளில் அவர்தம் பெயர் செக்றோலில் ஏறிற்று. குழந்தை முகம் எங்கும் பதியவில்லை. ஆதலின் மாணவர்காள், உங்கள் இல்லத்துப் பழம்படங்களை எடுத்து, முதியோரிடம் கேட்டு, பின்புறத்திற் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். வரலாற்றுப் பணி அங்கே தொடங்கும்.