வாயிலும் பந்தியும்

கல்விக்கூடங்களின் வரலாற்றை எழுதுவோர், யார் எந்த ஆண்டில் சேர்க்கப்பட்டனர் என்பதைக் குறித்துவைப்பர். சேர்ந்தவர் உள்ளே எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை ஆவணங்கள் சொல்வது அரிது. அதனைச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் இலக்கியத்தையே சேர்கிறது. அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் டெய்லர் 2020-இல் வெளியிட்ட முதல் நாவலான 'ரியல் லைப்' அத்தகையதொரு நூல். அதன் அருமையை உணர, முதலில் வாயிலின் வரலாற்றைக் காண்போம்.

அலபாமாப் பல்கலைக்கழகம் 1952-இல் ஆதரின் லூசி என்னும் பெண்மணிக்கு இடமளித்தது. அவர் கறுப்பினத்தவர் என்று அறிந்ததும் மறுத்துவிட்டது. அரசுப் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என 1954-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. லூசியும் வழக்காடி வென்று 1956 பிப்ரவரியில் வகுப்பிற்குச் சென்றார். அப்போதும் விடுதியும் உணவுக்கூடமும் அவருக்கு அடைக்கப்பட்டே இருந்தன. மூன்றாம் நாள் கலகக் கூட்டம் திரண்டது. பல்கலைக்கழகமோ, பாதுகாப்பைக் காரணம் காட்டி அவரையே விலக்கிவைத்தது. பின்னர் நீக்கியும் விட்டது.

1963 ஜூன் 11 அன்று மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் தாமே வாயிலில் நின்று மறித்தார். குடியரசுத் தலைவர் கென்னடி மாநிலக் காவற்படையைத் தம் ஆணையின்கீழ்க் கொண்டுவந்த பின்னரே விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் ஆகிய இருவரும் தடையின்றி உள்ளே செல்ல முடிந்தது. மலோன் 1965-இல் பட்டம் பெற்றார். லூசி அங்கே முதுகலைப் பட்டம் பெற்றது 1992-இல்.

டெய்லரும் அலபாமாவில் பிறந்தவரே. விஸ்கான்சினில் உயிர்வேதியியல் பயின்று, பின்னர் எழுத்துத் துறைக்கு வந்தவர். இந்நாவல் 2020-ஆம் ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. கதைத்தலைவனும் அலபாமாவிலிருந்து வடக்கே ஆராய்ச்சி செய்ய வந்தவன். அவன் பெயர் வாலஸ். வாயிலை மறித்த ஆளுநரின் பெயரும் அதுவே. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் துறையில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவன் அவன். ஆடவரை விரும்பும் ஆடவனும் ஆவான்.

இவ்விரண்டையும் ஒரு நூலில் சொல்வது எளிதாக இருந்ததில்லை. லூசி விரட்டப்பட்ட அதே 1956-இல் ஜேம்ஸ் பால்ட்வின் 'ஜியோவன்னியின் அறை' என்னும் நாவலை வெளியிட்டார். ஆடவர் இருவரின் காதலைச் சொன்ன அந்நூலின் கதைசொல்லி வெள்ளையன். இனச் சிக்கலையும் அதே நூலில் சுமக்க அப்போது தம்மால் இயலவில்லை எனப் பால்ட்வின் பின்னாளில் கூறினார். தன்பால் உறவைக் குற்றமாக்கிய சட்டங்கள் அமெரிக்காவில் 2003-இல் வீழ்ந்தன. நம் நாட்டில் 2018-இல் உச்சநீதிமன்றம் அதனைக் குற்றமன்று என்றது.

சட்டம் இவ்வளவு செய்தபின் எஞ்சுவது யாது? கோடை முடியும் ஒரு வார இறுதியில் நாவல் நிகழ்கிறது. சில வாரங்களுக்கு முன் தந்தை இறந்த செய்தியையும் வாலஸ் நண்பரிடம் சொல்லாதிருந்தவன். ஆய்வுக்கூடத்தில் அவன் வளர்த்த நுண்புழுக்களில் பூஞ்சை படர்ந்து உழைப்பு பாழாகிறது. இரவு விருந்தில் வெள்ளை மாணவன் ஒருவன், வாலஸின் பின்புலத்தில் குறை உண்டென்றும், கிடைத்த வாய்ப்பிற்கு அவன் நன்றியுடன் இருக்க வேண்டுமென்றும் கருத்துப்படப் பேசுகிறான். பந்தியில் இருந்த நண்பர் எவரும் வாய் திறக்கவில்லை.

லூசிக்கு உணவுக்கூடமே அடைக்கப்பட்டிருந்தது. வாலஸுக்கு இருக்கை உண்டு, உணவு உண்டு. துணைநிற்கும் ஒரு சொல் இல்லை. வாயிலில் மறித்தவரை வரலாறு பெயர் சொல்லிக் குறித்துவைத்தது. பந்தியில் மௌனமாக இருந்தவரை எவரும் குறித்துவைப்பதில்லை. அவர் கெட்டவரும் அல்லர், விருந்து கெடக்கூடாதென்று எண்ணியவர். நாவலின் ஆற்றல் அந்த மௌனத்தைப் பதிவு செய்ததில் இருக்கிறது.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் வாலஸின் தனிமையை ஓரளவு உணரக்கூடும். ஆயின் அந்தப் பந்தியில் நமக்குரிய இருக்கை வாலஸினுடையது மட்டும்தானா என்றும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் வீட்டு விருந்தில் ஒருவர் இழித்துரைக்கப்படும்போது சொல்லவேண்டிய அந்த ஒரு சொல்லை எந்த நீதிமன்றமும் நமக்காகச் சொல்லாது.