சாக்கடல் மைனாவும் என் பழைய கடனும்



சாக்கடல் என்பது பெயரில்தான் கடல். உண்மையில் அது ஓர் உப்பு ஏரி. கிழக்கே ஜோர்டான், மேற்கே இஸ்ரேலும் பாலஸ்தீன மேற்குக் கரையும். கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அந்தத் தண்ணீரில் மீன் வாழாது. ஆனால் அதைச் சூழ்ந்த பாலைவனப் பாறைகளிலும், என்கேதி போன்ற ஊற்றுள்ள பள்ளத்தாக்குகளிலும் பறவைகள் உண்டு. அவற்றில் ஒன்று நம் மைனாவுக்கு உறவு. உடம்பு கறுப்பு, பறக்கும்போது இறக்கையில் செம்மஞ்சள் பளிச்சிடும். பாறை இடுக்கில் கூடு வைக்கும். மலையாட்டின் மேல் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும்.

அதன் பெயர் டிரிஸ்ட்ராம் மைனா. ஹென்றி பேக்கர் டிரிஸ்ட்ராம் (1822–1906) ஓர் ஆங்கிலேயப் பாதிரியார். உடல்நலம் குன்றியதால் வெயில் நாடு தேடி சகாராப் பக்கம் போனவர், பிறகு பாலஸ்தீனத்துக்கும் வந்தார். 1858இல் ஸ்கிளேட்டர் என்ற பறவையியல் அறிஞர் இந்தப் பறவைக்கு அவர் பெயரைச் சூட்டினார். 1863–64இல் டிரிஸ்ட்ராம் மறுபடியும் வந்து சாக்கடல் கரையெல்லாம் சுற்றினார். சாக்கடல் சிட்டுக்குருவியை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. அந்தக் காலத்தில் பறவை ஆராய்ச்சி என்றால் கையில் துப்பாக்கி இருக்கும். லிவர்பூல் அருங்காட்சியகத்துக்கு அவர் விற்ற தொகுப்பில் சுமார் 20,000 பறவைகள்.

நான் சொல்ல வந்தது வேறு. சகாராவில் அவர் வானம்பாடிகளைக் கவனித்தார். மண்ணின் நிறம் எதுவோ அதுவே இறகின் நிறம். நிறம் ஒத்துப்போன பறவை எதிரியின் கண்ணுக்குத் தப்பும். தப்பியது குஞ்சு பொரிக்கும். டார்வினும் வாலஸும் சொன்ன கருத்துக்கு இது பொருந்துகிறது என்று 1859 அக்டோபரில் 'ஐபிஸ்' இதழில் எழுதினார். டார்வினின் புத்தகம் வெளிவந்ததே நவம்பரில்தான்!

1860 ஜூனில் ஆக்ஸ்போர்டில் பிஷப் வில்பர்ஃபோர்சும் ஹக்ஸ்லியும் மோதிய புகழ்பெற்ற விவாதம் நடந்தது. அதன்பின் டிரிஸ்ட்ராம் மனம் மாறி எதிர்ப்பக்கம் போய்விட்டார். வானம்பாடிகள் மட்டும் மாறவில்லை. தன் கண்ணால் கண்டதை மனிதர் கைவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஐந்தாம் வகுப்பில் ஒருநாள், "தூக்கணாங்குருவிக் கூட்டைத் தாய்க்குருவி கட்டுகிறது" என்று பாடம் நடத்தினேன். ஒரு பையன் எழுந்து, "இல்ல சார், ஆண் குருவிதான் கட்டும். எங்க கிணத்து மேல நான் தினமும் பாக்குறேன்" என்றான். "பாடத்தைக் கவனி, உட்காரு" என்று அதட்டினேன். அடுத்த ஆண்டு ஒரு கிணற்றடியில் நானே நின்று பார்த்தேன். மஞ்சள் தலை ஆண் குருவிதான் நார் கிழித்து வந்து பின்னிக்கொண்டிருந்தது. அதற்குள் அவன் வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

தம்பி, இதை நீ படித்தால் தெரிந்துகொள். நீ சொன்னதுதான் சரி. உன்னை உட்கார வைத்தது என் தவறு.

மற்றவர்களுக்கு ஒன்று: உங்கள் பிள்ளை "நான் பார்த்தேன்" என்று சொன்னால், மறுப்பதற்கு முன் கூடப் போய் ஒருமுறை பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்