தாதியியல் பட்டமும் பனிச்சங்கேணிப் பாலமும்

உயர்தரப் பெறுபேறு வந்தால் மட்டக்களப்பில் ஒவ்வொரு வருசமும் ஒரே கேள்விதான் சுற்றும்: "இசட் எவ்வளவு? நர்சிங் கிடைக்குமா?" மருத்துவபீடம் கைக்கெட்டாது என்று தெரிந்துபோன உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் பலருக்கு அடுத்த ஆசை அதுதான். நான்கு வருசப் பட்டம், முடித்தால் அரச வேலைக்கு ஒரு வழி, வீட்டாருக்கும் சொல்லிக்கொள்ளப் பெருமை. ஆனால் இந்தப் பட்டம் நம்மட நாட்டில் எவ்வளவு புதுசு, அதற்குள் போகும் வாசலை யார் எப்படிக் கட்டினார்கள் என்று நாம் பெரிதாகப் பேசுவதில்லை.

கதை யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வியை நிலைநிறுத்தினார். 1860களில் அவர் பாடத்தைத் தமிழுக்கே மாற்றினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' என்றெல்லாம் தமிழில் பாடநூல்கள் அச்சேறின. 1898இல் இணுவிலில் பெண்களுக்கென்று மக்லியோட் ஆஸ்பத்திரி வந்தது. அந்தக் காலத்தில் தாதி என்பவர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வேலை செய்து பழகியவர். அது இங்கு மட்டும் இருந்த நிலையல்ல. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860இல் லண்டனில் தொடக்கிய பள்ளியும் வார்டில் வேலை செய்தபடி படிக்கும் பள்ளிதான். தாதித்தொழிலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டில்தான் வேர்விட்டது.

பண்டத்தரிப்பு ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் தமிழ்நாட்டின் வேலூரில் ஆஸ்பத்திரி கட்டினார். அங்கே 1909இல் தாதியர் பள்ளி தொடங்கியது, 1946இல் தாதியியல் பட்டப்படிப்பும் வந்துவிட்டது. தாத்தா வைத்தியம் தொடங்கிய தீவில் அந்தப் பட்டம் எப்போது வந்தது? 1994இல். அதுவும் கனடாவின் அத்தபஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொடக்கியது, ஏற்கனவே தாதியாக வேலை செய்பவர்களுக்கு. உயர்தரம் முடித்த பிள்ளை நேரே போய்ப் படிக்கும் பட்டம் 2000களின் நடுப்பகுதியில்தான் பல்கலைக்கழகங்களுக்கு வந்தது. வேலூருக்கும் நமக்கும் இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு! அதுவரைக்கும் தாதி என்றால் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரி, மூன்று வருசம், டிப்ளோமா. அந்த வழி இன்றைக்கும் இருக்கிறது. பட்டத்தை விட அதுவொன்றும் குறைந்ததல்ல. நம்மட ஆஸ்பத்திரிகளைத் தாங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் அந்த வழியால் வந்தவர்கள்தான்.

மட்டக்களப்புக்கு இந்தப் பட்டம் வந்த வழி கொஞ்சம் வேறு. 1981 ஆகஸ்டில் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. விஞ்ஞானமும் விவசாயமும்தான் முதலில். 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. சுகாதார பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் வர இன்னும் ஏறத்தாழ இருபது வருசம் போனது. மருத்துவமும் தாதியியலும் அதற்குள் வந்தன, மட்டக்களப்பு ஆஸ்பத்திரி போதனா வைத்தியசாலையானது. ஊருக்குள்ளேயே படிக்கலாம் என்றானது.

யாருடைய ஊருக்குள்ளே? அதற்குப் பதில் சொல்ல அனுமதி முறைக்குள் போகவேண்டும்.

தரப்படுத்தல் என்றால் நமக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. 1971இல் மொழிவாரியாகப் புள்ளியை மாற்றினார்கள். மருத்துவத்துக்குத் தமிழ் மொழி மூலம் 400க்கு 250 வேண்டும், சிங்கள மொழி மூலம் 229 போதும். அப்பட்டமான அநியாயம், ஒரு தலைமுறையின் கோபத்துக்கு அது காரணமாக இருந்ததில் வியப்பில்லை. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. யாழ்ப்பாணம் அதில் இடங்களை இழந்தது. ஆனால் அதே கோட்டாவில் மட்டக்களப்பு, மன்னார், வவுனியாப் பிள்ளைகள் சிலருக்குக் கதவு திறந்தது. இதைக் கிழக்கில் இருந்து எழுதும்போது மறைக்கத் தேவையில்லை. தமிழர் அரசியல் மேடைகளில் இந்த இரண்டாவது பாதி அவ்வளவாக ஒலித்ததில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்குப் பெரும்பாலான பாடநெறிகளுக்கு நாடளாவிய திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம், கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம். மட்டக்களப்பு அந்தப் பதினாறில் ஒன்று. 2001 முதல் இசட் புள்ளிதான் அளவுகோல். கணக்கு எல்லாம் சரி. ஆனால் இந்தக் கணக்குக்கு மாவட்டத்தை விடச் சிறிய எதுவும் கண்ணில் படாது.

இப்போது பனிச்சங்கேணிக்கு வருவோம். பனிச்சை மரமும் கேணியும் சேர்ந்த பெயர். பனிச்சங்காய்ச் சாயத்தில் வலையை ஊறவைத்த காலம் மூத்த மீனவர்களுக்கு ஞாபகமிருக்கும். வாழைச்சேனையைத் தாண்டி, காயாங்கேணி, மாங்கேணி என்று ஏ15 வீதியில் வடக்கே போனால் களப்பின் மேல் பாலம் வரும். அதைத் தாண்டினால் வாகரை. 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையைக் கடல் அடித்தது. இரண்டு வருசம் போகுமுன் போர். 2006 கடைசியில் வாகரைச் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தெற்கே ஓடியது. 2007 ஜனவரியில் பிரதேசம் இராணுவத்தின் கைக்கு வந்தது.

2006இல் முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை 2016இல் ஓ.எல். எழுதும். அகதி முகாமில் அ, ஆ படித்த அந்தப் பிள்ளையும் நகரத்தில் பெரிய பாடசாலை, பெரிய டியூசன் என்று படித்த பிள்ளையும் ஒரே மாவட்டக் கோட்டாவில், ஒரே வெட்டுப்புள்ளிக்கு. 1974இல் மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையில் இருந்த பள்ளம் இப்போது மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை நிரப்பக் கோட்டாவில் இடமில்லை.

இன்னொரு பள்ளமும் உண்டு, அது இன்னும் முன்னாலேயே வருகிறது. தாதியியலுக்கு உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியாக வேண்டும். விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1ஏபி வகைப் பாடசாலைகளில். 1சி என்றால் கலை, வர்த்தகம் வரைதான். வகை 2, வகை 3 என்றால் உயர்தரமே கிடையாது. ஆகவே வாசல் மூடுவது பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அல்ல. ஓ.எல். முடிந்து, "கிட்ட இருக்கிற பள்ளியில கலை எடு மகள், தூரத்துக்கு எப்படிப் போய் வருவாய்?" என்று வீட்டில் சொல்லும்போதே அது மூடிவிடுகிறது. அப்படிச் சொல்லும் வாப்பாவையோ அப்பாவையோ குறை சொல்ல எனக்கு வாய் வராது. பஸ் நேரமும் விடுதிக் காசும் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

ஆங்கிலமும் அப்படித்தான். ஓ.எல். ஆங்கிலத்தில் சித்தி கேட்கிறார்கள், உள்ளே போனால் பாடமும் ஆங்கிலத்தில். கிறீன் தமிழில் உடற்கூற்றியல் கற்பித்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து, ஆங்கில ஆசிரியர் ஒழுங்காகக் கிடைக்காத பாடசாலையின் பிள்ளை அந்த ஒரு சித்தியில் தடுக்கி விழலாம். உயர்தரத்துக்குப் படிக்கும்போது "ஓ.எல். ஆங்கிலத்தைப் பிறகு பார்ப்பம்" என்று விடுகிறவர்கள் நிறையப் பேர். மறுகா அழுது பிரயோசனமில்லை, இப்போதே திருப்பி எழுதுங்க.

மற்றது, விண்ணப்பம். மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் வருசா வருசம் மாறும், அந்த வருசத்துக் கைநூலை நீங்களே வாசிக்க வேண்டும், டியூசன் சேர் சொன்னது போதாது. யாழ்ப்பாணம், பேராதனை, ருகுணு, ஸ்ரீ ஜயவர்தனபுர, கிழக்கு என்று ஒவ்வொன்றிலும் தாதியியலுக்குத் தனிக் குறியீடு. விருப்ப ஒழுங்கில் எது மேலே என்பது முக்கியம். கிழக்கை மட்டும் போட்டுவிட்டு ருகுணு தூரம் என்று விட்டவர்கள் ஒரு வாய்ப்பைத் தாங்களே கழித்தவர்கள். பல்கலைக்கழகத்துக்காக உயர்தரத்தில் மூன்று தடவைதான் கணக்கில் எடுப்பார்கள். அதோடு தாதியர் பயிற்சிக் கல்லூரிக்கு வர்த்தமானியில் விளம்பரம் வரும்போது அதற்கும் போடுங்க. அந்த வழியால் போய் வேலையில் இருந்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுக்கலாம், 1994இன் கதவு இன்னும் மூடவில்லை.

கல்குடா வலயத்தில் ஓ.எல். எழுதிவிட்டு உயர்தரம் தொடங்குமுன் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கும் சில கிழமைகள் உண்டு. நகரத்தில் அந்தக் கிழமைகளில் உயிரியல் டியூசன் தொடங்கிவிடும். தாதியியல் படிக்கும் நம்மட தோழிகள் இரண்டு பேர் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி அந்தப் பாலத்தைத் தாண்டினால், பதினாறு வயதுப் பிள்ளை எந்தப் பிரிவு எடுப்பது என்று முடிவெடுக்கும் அதே நேரத்தில் அங்கே நிற்பார்கள்.