பாரசீகப் பூனையும் லேக் மார்க்கெட் மதராசியும்

எங்கள் வீட்டில் ஒரு மாதமாகப் பூனைப் பஞ்சாயத்து. மகளுக்குப் பெர்ஷியன் பூனை வேண்டுமாம். தட்டை மூக்கு, பஞ்சு மூட்டை உடம்பு, தாசில்தார் பார்வை... அதேதான். "முடி கூட்டறது நான் இல்லை, இப்பவே சொல்லிட்டேன்" என்று தங்கமணி ஒதுங்கிக்கொண்டார்.

கீழ் வீட்டு மாஷிமாவிடம் விஷயம் போனது. (கொல்கத்தாவில் வயதான பெண்கள் எல்லாருமே நமக்குச் சித்தி முறை, மாஷிமா!) அவர் படத்தைப் பார்த்ததும், "ஓ, காப்லி பேரால்!" என்றார். காபூல் பூனை.

"அப்பா, இது பெர்ஷியாவா, காபூலா?" என்றாள் மகள். வசமாக மாட்டிக்கொண்டேன். தேடிப் படித்ததில் கிடைத்த கதை இது.

1620-ல் பியத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி இஸ்பஹானிலிருந்து எழுதிய கடிதத்தில், குராசான் பகுதியின் நீள்முடிப் பூனைகளைப் பற்றிச் சொல்கிறார். சாம்பல் நிறம், பட்டு போன்ற ரோமம். ஐரோப்பாவுக்குப் பாரசீகப் பூனையை அறிமுகம் செய்தவர் என்று பொதுவாக இவரைத்தான் சொல்வார்கள்.

அடுத்தவர் நம்ம ஊர்க்காரர் மாதிரி. மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன், 1796-ல் பதினாறு பதினேழு வயதில் கும்பெனி வேலைக்காகக் கல்கத்தா வந்து இறங்கியவர். 1808-ல் கவர்னர் ஜெனரல் மிண்டோ இவரை ஆப்கான் மன்னர் ஷா ஷுஜாவிடம் தூது அனுப்பினார். பெஷாவர் வரைதான் போக முடிந்தது, காபூலை அவர் பார்க்கவே இல்லை. ஆனாலும் 1815-ல் வெளியான அவரது காபூல் ராஜ்ஜியம் பற்றிய நூலில் நம் பூனை வருகிறது. 'புராக்' எனப்படும் நீள்முடிப் பூனைகள் ஆப்கான் நாட்டிலிருந்து ஏராளமாக ஏற்றுமதியாகின்றன. எல்லா இடத்திலும் அவற்றைப் பாரசீகப் பூனை என்கிறார்கள். பெயர் கொடுத்த நாட்டிலோ அவை அதிகம் இல்லை, அங்கிருந்து ஏற்றுமதியும் கிட்டத்தட்டக் கிடையாது என்கிறார்.

மாஷிமா சொன்னது சரி! ஆனால் இத்தாலியரையும் தப்பு சொல்ல முடியாது. பழைய குராசானில் இன்றைய ஆப்கானிஸ்தானின் ஹெராத்தும் அடக்கம். எல்லைக்கோடுகள் பின்னால் வந்தவை.

திருநெல்வேலிக்காரனான என்னை இங்கே பதினெட்டு வருடமாக 'மதராசி' என்கிறார்கள். எனக்கு அந்தப் பூனையின் கஷ்டம் புரிகிறது :-)

மூன்றாவது ஆள் எட்வர்ட் பிளைத். பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தை 1841 முதல் 1862 வரை கவனித்துக்கொண்டவர். டார்வினுக்கு இங்கிருந்து நிறையத் தகவல் எழுதி அனுப்பியவர். பாரசீகப் பூனையின் மூதாதை மத்திய ஆசியாவின் காட்டுப்பூனை ஒன்று என்று சிலர் நம்பினார்கள். டார்வின் தன் 1868-ஆம் ஆண்டு நூலில், அதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டு, இந்தப் பூனை இந்தியப் பூனைகளோடு தாராளமாகக் கூடிக் குட்டி போடுகிறது என்று பிளைத் உறுதி சொன்னதைக் குறிப்பிடுகிறார்.

பிறகு கதை லண்டனுக்குப் போகிறது. 1871-ல் கிரிஸ்டல் பேலஸில் பெரிய பூனைக் கண்காட்சி நடந்தது. அதன் பிறகு வம்சாவளி, பதிவேடு, பரிசு என்று ஆரம்பித்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மூக்கைத் தட்டையாக்கிக்கொண்டே போனார்கள். 2008-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்தபோது, இன்றைய பாரசீகப் பூனை மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. பெயர் மட்டும்தான் பாரசீகம்.

இதற்குப் பூனை கொடுத்த விலை கொஞ்சமல்ல. தட்டை மூக்கால் மூச்சுத் திணறல், ஓயாமல் கண்ணில் நீர். கூடவே சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய். அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடம் இருந்தாலே குட்டிக்கு வரலாம். முன்பு பல நாடுகளில் எடுத்த கணக்கில் பாரசீகப் பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இது இருந்தது. 2004-ல் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். இப்போது கன்னத்தின் உட்பக்கம் பஞ்சால் ஒற்றியெடுத்தே சோதித்துவிடலாம். குட்டி வாங்க நினைப்பவர்கள் பெற்றோரின் சோதனைச் சீட்டைக் கேளுங்கள். நான் போய்ப் பார்த்த விற்பனையாளரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. வெறுங்கையோடு திரும்பினேன். மகள் இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் மாஷிமா கூப்பிட்டார். மாடிப்படிக்கு அடியில் தெருப்பூனை போட்ட நாலு குட்டிகள். அதில் ஒன்றுக்கு மட்டும் வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி புசுபுசுவென்று!

நீள்முடி என்பது ஒடுங்கு பண்பு. இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் தலைமுறை தலைமுறையாக ஒளிந்திருக்கும். எந்தக் காலத்துக் காப்லிப் பூனையோ, இந்தத் தெருவில் தன் வாலை விட்டுப் போயிருக்கிறது.

அந்தக் குட்டி இப்போது எங்கள் வீட்டில். மகள் அதனிடம் பேசுவது பாதி வங்காளம், பாதி இங்கிலீஷ். "தமிழ்ல கூப்பிடு கண்ணம்மா" என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். பூனைக்கு முடி தானாகத் திரும்பி வந்துவிடும். மொழி அப்படி வராதே!