காசநோய் மருந்தும் ரமளான் நோன்பும்

நுரையீரல் காசநோய்க்கு வழக்கமாக முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று மருந்துகள். இருமல் சில வாரங்களில் குறைந்துவிடும், கிருமி அழிந்திருக்காது. பாதியில் நிறுத்தினால், மிஞ்சிய கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம்; வீட்டாருக்கும் தொற்றலாம்.

வீட்டில் இருந்தபடியே மருந்து உண்டாலும் குணமாகும் என்பதை 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு நிரூபித்தது. எனவே நோயாளியை ஒதுக்காதீர்கள்.

கருவடிக்குப்பம் மக்களுக்குக் கோரிமேடு அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அருகில்தான்; மருந்து இலவசம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பே. கண் மஞ்சளானால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய அல்குர்ஆன் (2:184) சலுகை தருகிறது. விட்ட நோன்புக்குக் களா உண்டு; விட்ட மருந்துக்கு இல்லை.

அல்லாஹ் பூரண ஷிஃபா வழங்குவானாக.