மாற்றுக் கணக்கு மோசடி (இணைய விளையாட்டு)

மாற்றுக் கணக்கு மோசடி என்பது இணையவழிப் போட்டி விளையாட்டுகளில் ஒருவரே பல பயனர் கணக்குகளை வைத்திருந்தோ, பிறர் கணக்கில் ஆடியோ முறையற்ற பயன் பெறுவதைக் குறிக்கும். ஒவ்வொரு கணக்கின் பின்னும் ஒரே ஓர் ஆட்டக்காரர் உள்ளார் என்பதை உறுதிசெய்வதே இதனைத் தடுப்பதன் அடிப்படை ஆகும். நேரடிப் போட்டியில் முகம் பார்த்தே இதனை அறியலாம். இணையத்தில் மறைமுகச் சான்றுகளைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது. எனவே மோசடி செய்பவரைத் தவறவிடுவதற்கும், குற்றமற்றவரைத் தண்டிப்பதற்கும் இடமுண்டு.

இரண்டாம் கணக்கு வைத்திருப்பது எல்லா விளையாட்டுகளிலும் தவறாகக் கருதப்படுவதில்லை. அது ஒவ்வொரு தளத்தின் விதிகளைப் பொறுத்தது.

பெயர்க் காரணம்

திறமையான ஆட்டக்காரர் புதியவர் போல மாற்றுக் கணக்கில் ஆடுவது ஸ்மர்ஃபிங் எனப்படுகிறது. 1996 ஆம் ஆண்டளவில் வார்கிராஃப்ட் 2 விளையாட்டில் பெயர்பெற்றிருந்த இருவருடன் ஆடப் பிறர் தயங்கினர். அதனால் அவ்விருவரும் ஸ்மர்ஃப் என்னும் பெல்சியச் சித்திரக்கதை மாந்தர்களின் பெயர்களில் புதிய கணக்குகளைத் தொடங்கி ஆடினர். இச்சொல் அதிலிருந்து வந்ததாகக் கூறப்படுகிறது.

வகைகள்

* தகுதி மறைத்தல்: புதிய கணக்கில் தொடக்கநிலை ஆட்டக்காரர்களை எதிர்கொள்ளுதல்.
* தரம் ஏற்றுதல்: பணம் பெற்றுக்கொண்டு பிறர் கணக்கில் ஆடி அதன் தரவரிசையை உயர்த்துதல்.
* கூட்டுச்சதி: தனது ஒரு கணக்கை மற்றொன்றிடம் தோற்கச் செய்து புள்ளிகளையோ பணத்தையோ மாற்றுதல்.
* தடை மீறல்: தடைசெய்யப்பட்டவர் வேறு கணக்கில் திரும்பி வருதல்.

தரப்புள்ளிகளில் விளைவு

சதுரங்கத்தில் வழங்கும் ஈலோ முறைப்படி, 400 புள்ளிகள் கூடுதலாக உள்ளவர் ஓர் ஆட்டத்தில் பெறக்கூடியதாக எதிர்பார்க்கப்படும் சராசரி மதிப்பெண் ஏறத்தாழ 0.91 ஆகும். வேறுபாடு 800 எனில் அது 0.99 ஆகிறது. 2000 புள்ளி வலிமை உள்ளவர் 1200 புள்ளிகளில் புதிய கணக்கைத் தொடங்கினால், எதிராளிக்கு வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. ஆயினும் இருவரும் சமமானவர்கள் என்றே தளம் கணக்கிடுவதால், தோற்றவர் தமது உண்மைத் திறமைக்குப் பொருந்தாத அளவில் புள்ளிகளை இழக்கிறார். இக்காரணத்தால் மோசடி உறுதியானபின் எதிராளிகள் இழந்த புள்ளிகளைத் திருப்பியளிக்கும் முறையை லீசெஸ் முதலிய சதுரங்கத் தளங்கள் பின்பற்றுகின்றன.

தடுப்பு முறைகள்

தொலைபேசி எண்: டோட்டா 2 விளையாட்டில் தரவரிசை ஆட்டங்களுக்குத் தொலைபேசி எண்ணை இணைப்பது 2017 இல் கட்டாயமாக்கப்பட்டது. எனினும் மாற்றுக் கணக்குகள் ஒழியவில்லை. 2023 இல் அதன் நிறுவனமான வால்வ் 90,000 மாற்றுக் கணக்குகளைத் தடைசெய்தது. அவற்றின் முதன்மைக் கணக்குகளும் கண்டறியப்பட்டதாக அறிவித்தது.

கருவித் தடை: கணக்கோடு கைபேசியையும் தடைசெய்யும் முறை இது. இந்தியாவில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா விளையாட்டில் 2021 திசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

நடத்தைப் பகுப்பாய்வு: புதிய கணக்கின் வெற்றி விகிதம், ஆட்ட வேகம், உள்நுழையும் நேரம் முதலியவற்றைக் கணினி ஒப்பிட்டு ஐயத்திற்குரியவற்றைப் பிரித்தெடுக்கிறது.

நேரடிக் கண்காணிப்பு: பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனி அடையாள எண் வழங்குகிறது. 2020 இல் அது நடத்திய இணையவழி ஒலிம்பியாடில் ஆட்டக்காரர்கள் நிகழ்படக் கருவியின் முன் அமர்ந்து ஆடினர். விசுவநாதன் ஆனந்த், ர. பிரக்ஞானந்தா ஆகியோர் இடம்பெற்ற இந்திய அணி, உருசியாவுடன் இணைந்து அப்போட்டியின் தங்கத்தைப் பெற்றது.

சட்டம்: தென்கொரியாவில் தொழில்முறையாகத் தரம் ஏற்றுதல் 2019 முதல் தண்டனைக்குரிய குற்றமாகும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடை மற்றும் இணையவழி விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2022 என்னும் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் 2025 பெப்ரவரியில் வெளியான விதிமுறைகள், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின. 18 வயது நிரம்பாதோர் ஆடவும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை உள்நுழையவும் தடை விதிக்கப்பட்டது.

ஆட்டத்திற்கு அடிமையாவதைத் தடுப்பதே இவ்விதிகளின் நோக்கம். எனினும் மாற்றுக் கணக்குச் சிக்கலுடன் இவற்றுக்கு நேரடித் தொடர்புண்டு. ஒருவர் மற்றொரு பெயரில் கணக்குத் தொடங்க இயலுமானால் வயது வரம்பும் பணவரம்பும் பயனற்றுப் போகும். விதிகளை எதிர்த்து விளையாட்டு நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 சூன் 3 அன்று தள்ளுபடி செய்தது. அவ்வாண்டு ஆகத்து மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பண விளையாட்டுகளைத் தடைசெய்யவும் மின்விளையாட்டுப் போட்டிகளை அங்கீகரிக்கவும் வகைசெய்தது.

சிக்கல்கள்

ஒரே கைபேசியில் அண்ணனும் தங்கையும் தனித்தனிக் கணக்குகளில் ஆடினால், கருவியை மட்டும் நோக்கும் தளத்திற்கு அவர்கள் ஒருவராகவே தெரியக்கூடும். கல்லூரி விடுதியிலும் இணைய மையத்திலும் இதே நிலையே. கைபேசி இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிப்பதால் இணைய முகவரியும் உறுதியான சான்றாகாது. தடைசெய்யப்பட்ட கைபேசி விற்கப்பட்டால், வாங்கியவர் அத்தடையைச் சுமக்க நேரிடலாம்.

2022 இல் ஓவர்வாட்ச் 2 விளையாட்டு முன்கட்டணத் தொலைபேசி எண்களை ஏற்க மறுத்தது. எதிர்ப்பு எழுந்ததால், பழைய ஆட்டக்காரர் பலருக்கு எண் தேவை தளர்த்தப்பட்டது. இந்தியாவில் கைபேசி இணைப்புகளில் மிகப் பெரும்பாலானவை முன்கட்டண இணைப்புகளே என்பது இங்குக் கருதத்தக்கது.

அடையாள ஆவணம் கோருவது வலுவான தடுப்பு எனினும் தனியுரிமைக்கு இடர் விளைவிக்கக்கூடியது. 2011 இல் தென்கொரியாவின் மேப்பிள்ஸ்டோரி விளையாட்டில் சுமார் 1.3 கோடிப் பயனர்களின் தரவுகள் திருடப்பட்டன. ஆகவே ஒரே சான்றை நம்பாமல் பலவற்றை இணைத்து நோக்குவதும், தண்டிக்கப்பட்டவர் முறையிட வழி அளிப்பதும் தேவையாகின்றன.

இவற்றையும் பார்க்க

* ஈலோ தரவுகோள்
* மின்விளையாட்டு
* இணையத் தனியுரிமை